வேலையில்லாத விசை

மென்பொருள் நிறுவனத்தின் முதலாளி, புலம்பும்போதுகூடக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு புலம்புகிற ரகம்.

"பத்து நிமிஷத்துல சொல்லி முடிச்சிடறேன். என் பதினெட்டு வருஷ உழைப்பைத் திருடிட்டாங்க."

எதிரில் உட்கார்ந்திருந்த துப்பறிவாளருக்குத் தொழில் வட்டாரத்தில் 'கமா' என்று பெயர். வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுவார். மீதியை எதிராளியே பதற்றத்தில் பேசி முடித்துவிடுவான். அவருடைய வழக்குகளில் பாதி அப்படித்தான் தீர்ந்தன. பக்கத்தில் இருந்தவன் உதவியாளன், மனைவியின் தம்பி. அவனை வேலைக்குச் சேர்த்ததற்கு அது ஒன்றுதான் காரணம் என்று அவர் சொல்வார். தான் இன்னும் வேலையை விடாததற்கும் அது ஒன்றுதான் காரணம் என்று அவன் சொல்வான். வீட்டில் நான்கு மாதக் கைக்குழந்தை. தூக்கமில்லாமல் அவன் கண்கள் மிளகாய் அரைத்தவன் கண்களைப் போலச் சிவந்திருந்தன.

"திருடு போனது எது?" என்றார் கமா.

"ரத்த வங்கிகளுக்கான மென்பொருள். எந்தப் பையில எந்த வகை ரத்தம், அது எப்ப காலாவதி ஆகும், எல்லாத்தையும் அது சொல்லும். தேதி நெருங்கினா பீப் பீப்னு கத்தும். நானே கைப்பட எழுதினது." முதலாளி மார்பில் கை வைத்துக்கொண்டார். "இத்தனை வருஷமா ஒரே வகை கம்ப்யூட்டர்லதான் ஓடிச்சு. இப்ப ஆஸ்பத்திரிங்க எல்லாம் இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறிட்டாங்க. அதுல இது ஓடாது. அதனால ஓப்பன் சோர்ஸ் ஃப்ரேம்வொர்க் ஒண்ணுக்கு மாத்தி எழுதச் சொன்னேன். அதுல எழுதிட்டா எந்த வகை கம்ப்யூட்டர்லயும் ஓடும். எங்க தலைமைப் பொறியாளர் பதினாலு மாசம் உழைச்சு முடிச்சார். முடிச்ச வாரமே பாத்தா, அதே மாதிரி ஒண்ணு இணையத்துல சும்மா கிடக்குது. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாமாம். போட்டவன் வச்சிருக்கிற பேரு 'ஞாயிறு'."

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றான் உதவியாளன். "ஓப்பன் சோர்ஸ்னா எல்லாரும் பாக்கலாம், எடுக்கலாம்னுதானே அர்த்தம்?"

"ஃப்ரேம்வொர்க்தான் எல்லாருக்கும் பொது. அது மேல நாங்க கட்டினது எங்களோடது."

"புரியுது. புறம்போக்குல வீட்டைக் கட்டிட்டு, பூட்டு உடைஞ்சதேன்னு வந்திருக்கீங்க."

முதலாளி அவனைப் பார்த்தார். கமா கூரையைப் பார்த்தார்.

"உள்ளே இருக்கிற எவனோதான் எழுத எழுத எடுத்து வெளியே விட்டிருக்கான்," என்றார் முதலாளி. "இன்னிக்கு மதியம் பெரிய ஆஸ்பத்திரியில எங்க சோதனை ஓட்டம். அது நல்லபடியா முடிஞ்சா அவங்களோட இருபத்தி ரெண்டு கிளைக்கும் நாங்கதான். அதே சரக்கு இணையத்துல இலவசமா கிடக்குதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா நான் கடையைச் சாத்த வேண்டியதுதான். அதுக்குள்ள ஆளைப் பிடிச்சுக் குடுங்க."

கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

*

அலுவலகத்தில் மொத்தம் ஒன்பது பேர். ஆனாலும் தலைமைப் பொறியாளர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார், கண்ணாடியில் பார்க்கும்போது தன்னையே மறந்துவிடக் கூடாது என்பதுபோல. அவர் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு நீளமான பட்டியல் ஒட்டியிருந்தது. 'பழையதிலிருந்து விடப்பட்டவை' என்று தலைப்பு.

"பழைய நிரலை அப்படியே தூக்கி இங்க வைக்க முடியாது," என்று விளக்கினார் பொறியாளர். "பொத்தான், பெட்டி, எழுத்துரு, ஒலி எல்லாமே அந்தப் பழைய சிஸ்டத்தோட சொந்தச் சரக்கு. அதனால திரையைப் பூராவும் அடிமட்டத்துல இருந்து புதுசா எழுதினோம். பழைய வரி ஒண்ணுகூட அதுல கிடையாது."

"பழைய வீட்டை இடிச்சுட்டு அஸ்திவாரத்துல இருந்து கட்டியிருக்கீங்க," என்றான் உதவியாளன்.

"அப்படியும் வச்சுக்கலாம்."

மேஜைமேல் இருந்த கணினியில் புதிய பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. பச்சைக் கட்டங்கள், நடுவில் ஒரு சிவப்புக் கட்டம். மாதிரிக்கு ஏற்றிய ஒரு பை காலாவதி ஆகப்போகிறது என்று பீப், பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. உதவியாளன் கொட்டாவி விட்டபடி பட்டியலைப் படிக்க எட்டிச் சாய்ந்தான். முழங்கை விசைப்பலகையில் பட்டது.

சத்தம் நின்றது. திரையின் மூலையில் '40:00' என்று ஓர் எண் தோன்றி, 39:59, 39:58 என்று இறங்க ஆரம்பித்தது.

"என்னத்தை அமுக்கினே?" என்றார் கமா.

உதவியாளன் முழங்கையைத் தூக்கிப் பார்த்தான். "எஃப் 9. நான் அமுக்கல மாமா. தூக்கம் அமுக்கிச்சு."

கமா சுவர்ப் பட்டியலில் விரலை ஓட்டினார். முப்பத்தொன்றாவது வரியில் நின்றது விரல். எஃப் 9 – பயனில்லை, கையேட்டில் இல்லை – நீக்கப்பட்டது.

"நீக்கினதா எழுதியிருக்கீங்க," என்றார். "ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அறை காலியாகக் கிடந்தது. பொறியாளர் அதற்குள் தடுமாறி விழுந்தார்.

"அது... பழைய மிச்சம் ஏதாவது ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்."

"பழைய வரி ஒண்ணுகூட இல்லன்னீங்களே," என்றான் உதவியாளன். "இடிச்ச வீட்டு எலி புது வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு?"

பொறியாளர் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். பைங்க விவரத்தை எல்லாம் நேத்தே ஏத்தியாச்சு, பன்னண்டு மணிக்கு ஓட்டம்," என்று சொல்லிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படிகளில் இறங்கிப் போனார்.

"ஓடறான் மாமா. பிடிக்கட்டுமா?"

"எங்க போறார்னுதான் சொல்லிட்டாரே. புகார்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கு. இந்தத் திரையையும் ஒரு படம் எடுத்துக்க."

*

தெருமுனைத் தேநீர்க் கடையில் உதவியாளன் மடிக்கணினியைத் திறந்து 'ஞாயிறு' போட்ட இலவசப் பதிப்பை இறக்கினான். எஃப் 9-ஐ அமுக்கினான். மூலையில் அதே எண், அதே நாற்பது நிமிடம்.

"பொறியாளர் தன் பட்டியல்ல எடுத்துட்டேன்னு எழுதின விசை, அவரோட சரக்குலயே இருக்குது," என்றார் கமா. "இருக்குதுன்னு அவருக்கே தெரியல. அப்படின்னா..."

"அப்படின்னா அது அவர் எழுதின சரக்கே இல்ல. பதினாலு மாசம் முக்கிப் பாத்தும் முடியாம, கடைசியில ஞாயிறு போட்டதை எடுத்துத் தன் லேபிளை ஒட்டியிருக்கார். நம்ம கட்சிக்காரர் பறிகொடுத்தவர் இல்ல மாமா. திருட்டுச் சரக்கு வாங்கினவர்."

"அதையும் போலீஸ்ல சொல்லப்போறார்."

உதவியாளன் சிரித்துவிட்டு, திரையைக் கீழே தள்ளிப் படித்தான். ஞாயிறு ஒவ்வொரு முறையும் என்னென்ன சரி செய்தான் என்ற குறிப்புகள் வரிசையாக இருந்தன. எல்லாமே திங்கட்கிழமைத் தேதிகள். ஒரு வாரம், சின்னத் திரையில் கடைசி வரிசை மறைகிறது என்ற குறையைச் சரி செய்திருந்தான். இன்னொரு வாரம், அச்சுப்பொறியில் ஒட்டுச்சீட்டு கோணலாக வருகிறது என்ற குறையை. அலுவலகத்திலிருந்து வாங்கி வந்த புகார்ப் பதிவேட்டில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

"ஆஸ்பத்திரிக்காரங்க யாருமே ஆபீசுக்குச் சொல்லாத குறை, இவனுக்கு மட்டும் எப்படித் தெரியுது?" என்றார் கமா. "அது இருக்கட்டும். முதல்ல இந்த விசை. ரத்தம் கெடப்போகுதுன்னு கத்தறதுக்குத்தான் அந்தச் சத்தத்தையே வச்சது. அதை நாப்பது நிமிஷம் அடக்கணும்னு யாருக்குத் தோணும்?"

"எனக்குத் தோணும்."

கமா திரும்பினார்.

"எங்க வீட்டு அழைப்பு மணிக்குள்ள பஞ்சு அடைச்சிருக்கேன் மாமா. மிக்சி பக்கம் யாரும் போகக் கூடாது. நீங்க போன் பண்ணினா குளியலறையில நின்னுதான் பேசறேன். உங்க பொண்ணு மாதிரி இல்ல எங்க வீட்டு ராணி, ஒரு சத்தம் கேட்டா முடிஞ்சுது. தூங்கினாலும் மொத்தமே நாப்பது..." அவன் நிறுத்தினான். இந்த முறை கமாவின் வேலையை அவன் செய்திருந்தான்.

"நாப்பது நிமிஷம்," என்று முடித்தார் கமா. கைப்பேசியை எடுத்து முதலாளியை அழைத்தார்.

"ரெண்டே கேள்வி. இந்த மென்பொருளை எழுதினப்ப எங்க உக்காந்து எழுதினீங்க?"

"ஒரு வாடகை அறை. தனி ஆளா. ஒரு மேஜை, ஒரு மின்விசிறி."

"எஃப் 9 எதுக்கு வச்சீங்க?"

"அது எதிர்காலத் தேவைக்காக ஒதுக்கினது. கேள்வி மூணாவது இருக்கா?"

"ஞாயித்துக்கிழமையில ஆஸ்பத்திரிக்காரங்க புகார் சொல்லக் கூப்பிட்டா..."

"ஆபீஸ் போனை வீட்டுக்குத் திருப்பி விட்டிருக்கோம். என் மனைவி எடுப்பா. திங்கக்கிழமை கூப்பிடுங்கன்னு சொல்லி வச்சிடுவா. அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது."

"நீங்க இப்பவே உங்க வீட்டுக்கு வந்துடுங்க," என்றார் கமா. "ஆளைக் காட்டறேன்."

*

கதவைத் திறந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சாப்பாட்டு மேஜையில் மூன்று கணினிகள், மூன்றும் மூன்று வகை. மூன்று திரைகளிலும் அதே பச்சைக் கட்டங்கள்.

"உள்ள வாங்க. துப்பறிய ஆள் வைக்கப்போறதா இவர் சொன்னார், நீங்க போன வாரமே வருவீங்கன்னு நினைச்சேன்," என்றார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எஃப் 9," என்றான் உதவியாளன். "எங்க வீட்லயும் நாலு மாசத்துல ஒண்ணு இருக்குது."

அந்த அம்மாள் அப்போதுதான் சிரித்தார். "கைக்குழந்தையில நாப்பது நிமிஷத்துக்கு மேல என் பொண்ணு தூங்கினதே கிடையாது, அந்த பீப் கேட்டா அதுவும் போச்சு. தொட்டிலை ஒரு கையில ஆட்டிக்கிட்டு இன்னொரு கையில தட்டினேன். இப்ப அவ காலேஜ் விடுதியில இருக்கா, மத்தியானம் வரைக்கும் தூங்கறாளாம்."

"அதை எதுக்கும்மா புதுசுலயும் வச்சீங்க?"

"ரத்த வங்கியில ஒரு ஆள் போன்ல பேசிக்கிட்டே அதை அமுக்குவார், எதிர்ல இருக்கிறவங்க பேசறது கேக்கணுமில்ல. கையேட்டுல இல்லன்னாலும் பழகினவங்களுக்குத் தெரியும். அதை எடுத்தா அவங்கதானே தடுமாறுவாங்க."

கமா நாற்காலியில் உட்கார்ந்தார். "நீங்க எழுதினதை அவர் தான் எழுதினதா..."

"பொய் சொல்றார்னு நினைக்காதீங்க," என்றார் அம்மாள். "முதல்ல விக்கப் போனப்ப 'நீங்களா எழுதினீங்க'ன்னு கேட்டிருக்காங்க. சங்கடப்பட்டுக்கிட்டே ஆமான்னிருக்கார். வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லி வருத்தப்பட்டார். நானும் பரவாயில்லன்னுட்டேன். ரெண்டாவது தடவை வருத்தம் கம்மியாயிடுச்சு. இப்ப நிஜமாவே தான்தான் எழுதினோம்னு நம்பறார். வாடகை அறை, மின்விசிறி எல்லாம் சொல்லியிருப்பாரே? அந்த மின்விசிறிக் கதையை நானே ரெண்டு தடவை கேட்டிருக்கேன்."

"அப்ப இப்ப எதுக்கு வெளியில போட்டீங்க?"

"ஒரு ஞாயித்துக்கிழமை போன் வந்தது. ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கம்ப்யூட்டரை மாத்திட்டாங்க, நம்ம மென்பொருள் ஓடல, ரெண்டு வாரமா நோட்டுல எழுதறாங்க. அரிதான வகை ரத்தம் ஒரு பை, தேதியைக் கவனிக்காம விட்டுக் கெட்டுப்போச்சு. அன்னிக்குன்னு பாத்து ஒரு பிரசவம். வேற ஊர்ல இருந்து வரவழைச்சுக் காப்பாத்தியிருக்காங்க. பேசின நர்ஸ் போன்லயே அழுதா. இவர்கிட்ட சொன்னேன். பழைய வகை கம்ப்யூட்டரையே வாங்கிக்கச் சொல்லுன்னார்." அம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். "மறுநாளே ஃப்ரேம்வொர்க்கை இறக்கிப் படிக்க ஆரம்பிச்சேன்."

வாசலில் கார் நின்றது. முதலாளி வேகமாக உள்ளே வந்தார். கையில் ஒரு தாள்.

"புகார் மனு தயார். பேரை மட்டும் விட்டு வச்சிருக்கேன். யார் அது, சொல்லுங்க," என்று பேனாவைத் திறந்தார்.

முதலாளியின் கண்கள் மூன்று கணினிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் மனைவியிடம் வந்து நின்றன.

அம்மாள் தாளை வாங்கிப் படித்தார். "குற்றவாளியோட பேரு, சரி. அடுத்த கட்டத்துல தந்தை அல்லது கணவர் பேருன்னு போட்டிருக்கு. எழுதுங்க, நான் சொல்லணுமா?"

முதலாளி பேனாவை மூடினார்.

"உங்க தலைமைப் பொறியாளர் எழுதினதும் இவங்களோடதுதான் சார்," என்றான் உதவியாளன். குரலில் வழக்கமான குத்தல் இல்லை. "இணையத்துல இருந்து எடுத்திருக்கார்."

இதைக் கேட்டு முதலாளியைவிட அதிகமாக அதிர்ந்தது அந்த அம்மாள்தான். எழுந்தே விட்டார்.

"எப்ப எடுத்தார்? எந்தத் தேதிப் பதிப்பு?"

உதவியாளன் அலுவலகத்தில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கினான். திரையின் அடியில் பதிப்பு எண் இருந்தது. அம்மாள் அதைத் தன் கணினியில் இருந்த குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இது பழசு. இதுல ஒரு தப்பு இருக்குது. பழைய சிஸ்டத்துல தேதியை நான் சொன்னபடிதான் படிக்கும். இந்த ஃப்ரேம்வொர்க், மெஷின் எந்தப் பழக்கத்துல இருக்கோ அப்படிப் படிக்குது. சில மெஷின்ல மாசத்தை முதல்லயும் நாளை அப்புறமும் வச்சுக்குது. அஞ்சாம் மாசம் ஆறாம் தேதி கெட்டுப்போற பையை, ஆறாம் மாசம் அஞ்சாம் தேதி வரைக்கும் நல்லாருக்கும்னு காட்டும். பன்னண்டாம் தேதிக்கு மேல இருந்தா குழப்பம் வராது, அதனால சோதிச்சப்ப உங்க ஆளுக்குத் தெரிஞ்சிருக்காது. போன ஞாயிறுதான் ஒருத்தர் சொன்னாங்க. திங்கக்கிழமை சரி பண்ணிட்டேன். எடுத்து வச்சிருந்த ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்." கணவரைப் பார்த்தார். "உங்களுக்குத்தான் சொல்ல முடியல. திருடினவங்க எனக்கு விலாசம் கொடுக்கலையே."

அன்று ஐந்தாம் மாதம் பதினான்காம் தேதி. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே கால்.

"பையிலயே தேதி ஒட்டியிருக்குமே," என்றார் கமா.

"இருக்கும். திரையை நம்பிப் பழகினவங்க பையைத் திருப்பிப் பாக்கறதில்ல. பழக்கினதும் நாங்கதான்."

முதலாளி ஏற்கெனவே கைப்பேசியில் எண்களை அழுத்திக்கொண்டிருந்தார். எதிர்முனையில் ரத்த வங்கியின் பொறுப்பாளர் எடுத்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் உற்சாகமாக வந்தது.

"சார், பிரமாதமா ஓடுது. உங்க பொறியாளர் இங்கதான் இருக்கார். நீங்களே கைப்பட எழுதினதாமே."

முதலாளி வாயைத் திறந்தார். இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பதினெட்டு வருடப் பழக்கம் இருந்தது. சாப்பாட்டு மேஜையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். பக்கத்தில் இருந்த கமா முதல்முறையாக ஒருவரின் வாக்கியம் முடிவதற்காகக் காத்திருந்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்றார் முதலாளி. "இதை எழுதினவங்க பேசுவாங்க."

கைப்பேசியை மனைவியிடம் நீட்டினார்.

அம்மாள் அதை வாங்கிய வேகத்தில் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஓட்டம் ஆரம்பிச்சதுல இருந்து எத்தனை பை வெளியில கொடுத்திருக்கீங்க?"

"மூணு. ஏன்மா?"

"மூணையும் திருப்பி வாங்குங்க. மாட்டியிருந்தா உடனே நிறுத்தச் சொல்லுங்க. மத்த பைங்க எல்லாத்தையும் திரையைப் பாக்காம ஒட்டுச்சீட்டைப் பாத்துப் பிரிங்க. நான் போனை வைக்க மாட்டேன்."

எதிர்முனையில் நாற்காலி சரிந்தது. செருப்புச் சத்தம் ஓடி மறைந்தது. பிறகு வெறும் இரைச்சல். முதலாளி மனைவியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உதவியாளனுக்குத் தூக்கம் முழுதாகப் போயிருந்தது.

ஆறு நிமிடம் கழித்து மூச்சிரைக்கும் குரல் வந்தது.

"ரெண்டு பை நல்ல பை. மூணாவது எட்டாம் தேதியே முடிஞ்சிருக்கு. அறுவை சிகிச்சை அறை வாசல்ல நர்ஸ் கையில இருந்தது. இன்னும் மாட்டல."

அம்மாள் கண்களை மூடித் திறந்தார். "ஒண்ணும் பண்ண வேண்டாம். நான் நேர்ல வர்றேன்."

"நீங்க யாரும்மா?" என்றது குரல். "உங்க பேரை என்னன்னு குறிச்சுக்க?"

அம்மாள் பேரைச் சொல்லவில்லை. மூன்றில் ஒரு கணினியை மூடிக் கையில் இடுக்கிக்கொண்டு செருப்பைத் தேடினார். தரையில் உட்கார்ந்திருந்த முதலாளிதான் எட்டி, கைப்பேசிக்கு அருகில் வாயைக் கொண்டுபோய், அந்தப் பேரை எழுத்து எழுத்தாகச் சொன்னார்.